கடிக்கும் உயிர்களைக் கொல்லாது விலக்கும் முறை

துறவறம் பூண்டோர் பொறுத்துக்கொள்ள வேண்டிய இடர்கள் 22 என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். பசி, தாகம், குளிர், வெப்பம் ஆகிய நான்கையும் கூறியபின் ஐந்தாவதாக அவர் வைப்பது தம்சமசக பரீஷஹம். தம்சம் என்பது கடிக்கும் ஈ. மசகம் என்பது கொசு. பசிக்கும் தாகத்திற்கும் அடுத்த வரிசையில் கொசுக்கடி இடம் பெற்றிருப்பதைக் கண்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் இரவு மலையடிவாரத்தில் தங்கிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த இடரைத் துறவியர் பொறுப்பர். இல்லறத்தாராகிய நமக்கு விதிக்கப்பட்டது அதுவன்று. கொல்லும் எண்ணத்தோடு இயங்கும் உயிரைக் கொல்லாதிருத்தலே நம் அணுவிரதம். கடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்த ஆசாரியரும் நமக்குக் கூறவில்லை. பொறுத்தலுக்கும் கொல்லுதலுக்கும் இடையில் விலக்குதல் என்ற ஒரு வழி உண்டு. அவ்வழியை இக்காலத்து அறிவோடு எவ்வாறு கைக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். சென்ற தை மாதம் வந்தவாசி, ஆரணிப் பக்கத்திலிருந்து எங்கள் உறவினர் நான்கு குடும்பத்தார் பிள்ளைகளோடு சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தனர். இவ்வூருக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையைத் தரிசிப்பது அவர்கள் நோக்கம். அதன்பின் மேற்கே புளியங்குடிப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் எலுமிச்சைத் தோப்பில் இரண்டு இரவு கூடாரமிட்டுத் தங்கி, மலையடிவாரப் பாதைகளில் நடந்து வருவதென்று ஏற்பாடு. பிள்ளைகள் பதினொருவர். ஆசிரியர் பயிற்சி பெற்று நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றியவள் என்பதால், வழியெல்லாம் பாடம் நடத்தும் பொறுப்பு எழுபதைக் கடந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

கழுகுமலைப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை வரிசையாகக் கண்டபின், பாகுபலியின் புடைப்புச் சிற்பத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தினேன். கால்களிலும் கைகளிலும் கொடி சுற்றிப் படர, அசையாது நிற்கின்றார். இருமருங்கிலும் அவர்தம் சகோதரியர் பிராமியும் சுந்தரியும் நிற்கின்றனர். கொடி படரும் அளவு அசையாது நின்றவரை எத்தனை கொசு கடித்திருக்கும் என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. தம்சமசக பரீஷஹம் என்ற சொல்லை அங்கேயே கற்பித்துவிட்டேன். (அப்பாறைக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்று குறிக்கப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் இருப்பதையும் பெண்பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடவில்லை.)

அன்று மாலை தோப்பில் நடத்திய பாடம் கொசுவின் அறிவைப் பற்றியது. நம் ஆகமப்படி கொசு நான்கறிவுயிர். மெய், வாய், மூக்கு, கண் என்ற நான்கு பொறிகள் அதற்கு உண்டு. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நான்கறிவுயிர்களுள் வைக்கிறது. இன்றைய உயிரியல் கொசுவை ஆராய்ந்து கூறுவதும் பெரும்பாலும் இந்த நான்கு வாயில்களைப் பற்றியே. கொசு நம்மை எவ்வெப்பொறியால் கண்டறிகிறது என்று தெரிந்தால், அப்பொறிக்கு அகப்படாமல் இருக்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதலில் மூக்கு. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் கொசு பல மீட்டர் தொலைவிலிருந்தே உணர்கிறது. வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் போன்ற பொருள்களின் வாசனையும் சேர்ந்து அதனை நம்மிடம் இழுக்கின்றது. அருகில் வந்தபின் கண் வேலை செய்கிறது. ஏடிஸ் கொசுவைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூச்சுக்காற்றின் வாசனையை உணர்ந்த கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நாடிச் சென்றன. வெள்ளையையும் பச்சையையும் பொருட்படுத்தவில்லை. நம் தோலின் நிறம் எதுவாயினும், அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம் என்கின்றனர். இன்னும் நெருங்கினால் உடற்சூட்டை உணர்கிறது. கடைசியில் தோலில் இறங்கிக் காலாலேயே சுவை பார்க்கிறது. கொசுவின் காலிலும் சுவையுணர் நுண்ணுறுப்புகள் உண்டு. அதன்பின்னரே ஊசி இறங்கும். அதுவும் பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்ச்சிக்கு இரத்தம் வேண்டியிருப்பதால் அது கடிக்கிறது. ஆண் கொசு பூந்தேனையும் செடிச்சாற்றையும் உண்டு வாழ்கிறது. பசியால் அன்று, பிள்ளைக்காகக் கடிக்கிறது என்று நான் கூறியதும் வகுப்பில் சிறிது அமைதி நிலவியது.

இனி நடைமுறைக்கு வருவோம். மலைநடைக்கு வெளிர்நிற, நெருக்கமாக நெய்த, முழுக்கை, முழுக்கால் உடை வேண்டும். உடலோடு ஒட்டிய மெல்லிய துணியைத் துளைத்துக் கொசு கடிக்கும். ஆகையால் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். காலுறைக்குள் கால்சட்டையின் நுனியைச் செருகிக்கொள்ள வேண்டும். பெண்கள் அன்று ஒருநாள் சேலையை விட்டுச் சுரிதார் அணிவதில் குற்றமொன்றுமில்லை, நானும் அணிந்தேன்.

கூடாரமிடும் இடம் உடையைவிட முக்கியம். தேங்கிய நீர், வாய்க்கால், அடர்ந்த புதர் ஆகியவற்றிலிருந்து விலகி, காற்று வீசும் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். கொசு வலுவற்ற பறவி. மின்விசிறிக் காற்றையே எதிர்த்துப் பறக்க இயலாதது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பிக் காற்றாலைகள் சுழலும் வட்டாரம் இது. அக்காற்றையே நாமும் காவலாகக் கொள்ளலாம். தோப்பின் நடுவே நிழலான இடத்தில் கூடாரமிட வேண்டுமென்று ஆண்கள் விரும்பினர். காற்றுப்படும் கற்களத்தில் இடவைத்தேன். இரவில் அவர்களே அதைப் பாராட்டினர்.

இரவுண்ணாமை நமக்கு இங்கே பெருந்துணை. பொழுது சாயுமுன் உண்டு முடித்துவிட்டால், உணவின்மேல் விளக்கொளியும் அவ்வொளியில் வந்து விழும் எண்ணற்ற சிறு பூச்சிகளும் இல்லை. விளக்கு வேண்டியிருந்தால் வெண்ணிற விளக்கைவிட மஞ்சள் விளக்குக்கு வரும் பூச்சிகள் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் வேகம் மிகுதி. நாம் உண்ண அமரும் நேரமும் அதுவே! ஆகவே இரவில் படுக்கும்போது களிம்பு பூசினால் போதும் என்று எண்ணாமல், மாலை உணவுக்கு முன்பே பூசிக்கொண்டு, உள்ளங்கையைக் கழுவிவிட்டு உண்ண அமர வேண்டும். மலேரியாவைக் கொணரும் அனாபிலஸ் கொசு இருட்டத் தொடங்கியது முதல் விடியும்வரை கடிக்கும். அனாபிலஸ் கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கண்டது நம் நாட்டுச் செகந்திராபாத்தில்தான். நம் வடாற்காட்டுப் பக்கத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வயற்கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல் வேலூர்ப் பகுதியில்.

பூசும் மருந்துகளைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். கடைகளில் கிடைப்பனவற்றுள் டீட், பிகாரிடின் என்ற இரண்டும் நன்கு ஆராயப்பட்டவை. இவை கொசுவின் மூக்கையும் காலின் சுவையையும் குழப்பி அதனை விலகச் செய்கின்றன. கொல்லும் நோக்கில் ஆக்கப்பட்டவை அல்ல. ஆகையால் நம் விரதத்திற்கு இடையூறில்லை என்பது என் கருத்து. டீட் எத்தனை சதவீதம் என்பது அது எவ்வளவு நேரம் காக்கும் என்பதைக் குறிக்குமே தவிர, எவ்வளவு வலிமையாகக் காக்கும் என்பதை அன்று. அரைநாள் நடைக்கு 20 முதல் 30 சதவீதம் போதுமானது. வெயிற்களிம்பு பூசுவதானால் அதை முதலில் பூசி, காய்ந்தபின் இதனைப் பூச வேண்டும். துணி மறைக்கும் இடத்தில் பூச வேண்டா. புண்ணிலும் கண்ணருகிலும் கூடவே கூடாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு டீட் ஆகாது. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் தன்மையது. என் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் விரல்தடம் பதிந்து இன்றும் அழியாமலிருக்கிறது.

எலுமிச்சை மணமுள்ள தைலமரத்தின் இலையிலிருந்து பெறப்படும் பி.எம்.டி. என்ற பொருளும் நன்கு காக்கும். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். நம் வீடுகளிலுள்ள நீலகிரித் தைலம் வேறு மரத்தினது. அது வேறு, இது வேறு. புல்தைலம், வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய் முதலியன சிறிது நேரமே காக்கும். வீட்டுத் திண்ணைக்குச் சரி, மலைநடைக்குப் போதா. களிம்பு வாங்குமுன் தேன்மெழுகு முதலிய பொருள்கள் கலந்துள்ளனவா என்று உறையைப் படித்துப் பார்ப்பது நம் வழக்கத்திற்கு ஏற்றது.

எல்லாவற்றிலும் சிறந்தது பழைய கொசுவலையே. சதுர அங்குலத்திற்கு 156 கண்கள் உள்ள வலை கொசுவைத் தடுக்கும் என்பது கணக்கு. படுக்கையின் அடியில் நன்றாகச் செருக வேண்டும். உறங்கும்போது கையோ காலோ வலையில் ஒட்டியிருந்தால், வெளியிலிருந்தபடியே கடித்துவிட்டுச் செல்லும். கூடாரமாயின் உள்ளே நுழைந்தவுடன் வாயிலை மூடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவது, நாற்பதாண்டு ஆசிரியப் பணியைவிடக் கடினம்.

இனி விவாதத்திற்குரிய பகுதி. கொசுவர்த்திச் சுருளில் இருப்பது பைரெத்ராய்டு வகை நஞ்சு. திறந்த வெளியில் அது கொசுவை விரட்டும். மூடிய இடத்தில் வீழ்த்தும், கொல்லும். ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் புகைக்கு ஈடானது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைக் கூடாரத்திற்குள் கொளுத்துவது, தீவிபத்தையும் சேர்த்து எண்ணினால், கொசுவைவிட நமக்கே பெருந்தீங்கு. மின்சாரக் கொசு மட்டையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. ஒரு பையன் அதைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்திருந்தான். வெடிக்கும் ஒலியும் பொறியும் அவனுக்கு விளையாட்டு. கொல்லும் எண்ணம் ஒன்று. கொல்வதில் மகிழ்ச்சி மற்றொன்று. மட்டையை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பொழுது அவன் அக்காள், ஒன்பது வயதினள், கேட்டாள்: "பாட்டி, என்னைக் கடித்தால் பொறுத்துக்கொள்வேன். தம்பியைக் கடித்து அவனுக்கு டெங்கு வந்தால்?"

இக்கேள்வியை மழுப்பக் கூடாது. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க வேறு வழியின்றி நேரும் விரோதி ஹிம்சையைச் சங்கல்ப ஹிம்சையினின்றும் நம் நூல்கள் பிரித்தே கூறுகின்றன. ஆனால் வேறு வழியின்றி என்பதே அதில் முக்கியம். களிம்பும் வலையும் முழுக்கை உடையும் கையிலிருக்க, அவற்றைப் பயன்படுத்தச் சோம்பி மட்டையை எடுப்பவர் அச்சொல்லைக் காட்டித் தப்ப முடியாது. அவளுக்கு இவ்வாறே விடை கூறினேன். உடையில் தோய்க்கும் பெர்மெத்ரின் என்ற மருந்தைப் பற்றி அவள் தந்தையார் வினவினார். அது தொட்ட பூச்சியையும் உண்ணியையும் கொல்வது. பல நாடுகளில் மலையேறுவோர்க்குப் பரிந்துரைக்கப்படுவது. இரண்டு நாள் மகிழ்ச்சிக்காகச் செல்லும் நமக்கு அது வேண்டா என்றேன். காட்டில் ஆண்டு முழுதும் பணிபுரியும் காவலர்க்கும் எல்லையிலுள்ள படைவீரர்க்கும் நான் விதி கூற முற்படவில்லை.

இவ்வளவு கற்பித்த நான் ஒன்றைக் கற்பிக்க மறந்தேன். அதைக் கூறுவது என் கடமை.

இரண்டாம் நாள் காலை நடையில், பாதையோரம் புதர் முடிந்து புல்வெளி தொடங்கும் நிழலில் பிள்ளைகளை அமர வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். விரிப்பு எடுத்துச் செல்லவில்லை. கழற்றிய மேலாடைகளைப் புதரின்மேல் போட்டிருந்தனர். ஊர் திரும்பிய பதினோராம் நாள், கேள்வி கேட்ட அதே பெண்ணுக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டன. டெங்கு என்று எண்ணி இரத்தம் சோதித்தனர், இல்லையென்றது முடிவு. காய்ச்சல் ஐந்து நாள் நீடித்தது. பின்னர் ஒரு மருத்துவர் உடல் முழுதும் பார்த்து, இடுப்பில் ஆடை இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டாற்போன்ற கருநிறப் பொருக்கு ஒன்றைக் கண்டார். வலியில்லாத பொருக்கு, ஆகையால் குழந்தையும் சொல்லவில்லை, தாயும் காணவில்லை. "எங்கே புல்லில் உட்கார்ந்தாய்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி.

அது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். மைட் எனப்படும் சிற்றுண்ணியின் இளம்பருவம், கண்ணுக்குப் புலப்படாத அளவினது, புதரும் புல்லும் கூடும் இடங்களில் காத்திருந்து, நம் உடலில் ஏறி, ஆடை இறுகும் இடங்களில் கடிக்கும். அது குடிப்பது இரத்தமன்று, தோலின் திசுநீர். அதன்வழியே நுழையும் நுண்ணுயிரால் 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். தமிழகத்தில் மழைக்காலத்தை ஒட்டியும் அதனை அடுத்த குளிர்மாதங்களிலும் இது மிகுதி. தடுப்பூசி இல்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிய மருந்துகளுக்கு விரைவில் கட்டுப்படும். காலந்தாழ்த்தினால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிருக்கே தீங்காகும். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் அப்பெண்ணின் காய்ச்சல் இறங்கியது. இறங்கும்வரை நான் உறங்கவில்லை.

நம் முனிவர்கள் கையில் மயிற்பீலி ஏந்துவது எதற்காக? அமருமுன், கிடக்குமுன், ஒரு பொருளை எடுக்குமுன், வைக்குமுன் அவ்விடத்தைப் பார்த்து, மெல்லத் துடைத்து, சிற்றுயிர்களை நோகாமல் ஒதுக்குவதற்காக. இதனை ஆதான நிக்ஷேபண சமிதி என்று ஐந்தாண்டுக் குழந்தைக்கும் கற்பிக்கிறோம். நடக்கும்போது நான்கு முழத் தரையைப் பார்த்து நடப்பது ஈர்யா சமிதி. இவ்விரண்டையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நான், பார்க்காமல் துடைக்காமல் பிள்ளைகளைப் புல்லில் அமர்த்தினேன்.

ஆகவே இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் நடக்க வேண்டும். புதரை உரசி நடக்கக் கூடாது. அமருவதானால் பாறையையோ வெறுந்தரையையோ தேர்ந்து, பூந்துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கி, தார்ப்பாய் விரித்து அமர வேண்டும். ஆடையைப் புதரில் உலர்த்தக் கூடாது. காலணிக்கும் கணுக்காலுக்கும் களிம்பு பூச மறக்கக் கூடாது. தங்குமிடம் திரும்பியவுடன் உடைகளை வெளியிலேயே உதறிக் களைந்து, சோப்பிட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும். குளித்தபின் தாய்மார் குழந்தைகளின் காதுப்புறம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால், மலைக்குச் சென்றதை மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் தீயோ எண்ணெயோ வைக்காமல், நுனி கூர்ந்த இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுக்க வேண்டும். சாரற்காலத்து அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் வைப்பது அதற்குக் கொடுமை. நமக்கும் நன்றன்று, வயிற்றிலுள்ளதைக் கடிவாயில் கக்கிவிடும். நகத்தை அதன் வாயடியில் செலுத்தி வழுக்கினால் விட்டுவிடும். இலையில் எடுத்து அப்பால் விடலாம். பாறைச்சரிவில் மலைத்தேனீக் கூடு கண்டால் ஓசையின்றி விலகிவிடுங்கள். வாசனைத் திரவியமும் புகையும் அவற்றைச் சினமூட்டும். கொட்டிய தேனீ கொடுக்கை நம் உடலில் விட்டுவிட்டுத் தானும் இறந்துபோகும் என்பதால், நம் கவனக்குறைவுக்கு இரண்டு பக்கமும் துன்பம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் துறவியர் மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் நோற்பது, அக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர் பெருகுவதால். மலைப்பயணத்திற்கும் அவ்விலக்கணமே பொருந்தும். தை மாதமும் போதாது என்பதை நான் கற்றுக்கொண்டேன். புல் காய்ந்தபின் மாசியில் செல்வது நல்லது. ஆனால் புல் காய்ந்த காலம் தீக்காலமும் ஆகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடை சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? கொசுவை விரட்ட நொச்சியும் வேம்பும் போட்டுப் புகைமூட்டம் இடுவோம் என்று யாரேனும் கூறினால் மலையடிவாரத்தில் இடங்கொடாதீர்கள். அத்தீயில் வந்து விழும் விட்டில்களையும் எண்ணிப் பாருங்கள். காப்புக்காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நடக்கவும் கூடாது.

வருகின்ற மாசியில் மீண்டும் வருவதாக ஆரணியிலிருந்து கடிதம் வந்துள்ளது. சென்ற முறை கொண்டுவந்த வலைகளில் மூன்றில் ஓட்டை. அவற்றைத் தைத்து வைத்திருக்கிறேன். பூந்துடைப்பம் இரண்டு வாங்கியாயிற்று. முன்னே சென்று அமருமிடத்தைத் துடைக்கும் வேலையை அந்தப் பெண் தனக்கே வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். கொசு மட்டை இன்னும் என்னிடமே இருக்கிறது. பையனும் அதைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறான்.